அசனக் குழம்பு கொட்டிய கம்பளம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத வராது. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. ஆட்கள் முன்னால் நின்று பேசவே எனக்குக் கூச்சம். இப்போது பார்த்தால் வெள்ளைத் தாள் முன்னாலும் அந்தக் கூச்சம் வருகிறது. மறதியும் சேர்ந்துகொண்டது. ஒன்றைச் சொல்லிக்கொண்டு போகும்போது அதற்கு முன்னால் நடந்தது பின்னால்தான் ஞாபகம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். சபைக்கு உழைத்தவர்களைப் பற்றி ஆளுக்கு ஒன்று எழுதிக் கொடுங்கள் என்று போதகரம்மா கேட்டார்கள். கோயிலைக் கட்டியவர்களைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். அதைக் கூட்டிப் பெருக்கிய எங்கள் மதினியைப் பற்றி நான் எழுதுகிறேன்.

பேர் போடவில்லை. மதினிக்கு அது பிடிக்காது. கோயிலுக்கு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தாலும் அதன் றெக்கை மூன்றிலும் தன் பேரை எழுதுகிற ஊர் எங்கள் ஊர். விசிறி சுற்றினால் பேர் தெரியவா போகிறது என்று கேட்டு மதினி சிரிப்பாள்.

அவள் புருஷன் எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன். இரண்டு குடும்பமும் திருநெல்வேலிப் பக்கமிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறி வந்தவர்கள். கம்பம்மெட்டிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே போனால் ஏலச்செடிகளுக்கு நடுவில் எங்கள் கோயில். அண்ணன் காலமான பிறகு மதினிக்கு அங்கே கோயில்குட்டி வேலை கொடுத்தார்கள். மணி அடிப்பது, கூட்டுவது, மெழுகுவத்தி ஏற்றுவது, ஆராதனை முடிந்ததும் பாட்டுப் புத்தகங்களை அடுக்குவது எல்லாம் அவள் பொறுப்பு.

வெளிநாட்டில் வேலை பார்த்த ஒரு குடும்பம் கோயிலுக்கு ஒரு கம்பளம் வாங்கிக் கொடுத்தது. வாசலிலிருந்து பீடத்துப் படி வரை நீளம். இளம்பச்சை நிறம், சின்னச் சின்ன வெள்ளைப் பூ. எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். மதினி மட்டும் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"வாங்குனவுக நம்ம ஆளுக காலைப் பாத்துருந்தா இந்த நெறத்துல வாங்கிருக்க மாட்டாக" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். அதற்குப் பயந்து புகையிலை ஊறவைத்த எண்ணெயைக் காலில் பூசிக்கொண்டுதான் எல்லாரும் நடப்போம். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த எண்ணெய்க் காலோடு உள்ளே வருவோம். சேறு, எண்ணெய், மெழுகு, ஏலக்காய் பறித்த கையின் கறுப்புக் கறை எல்லாம் அந்தக் கம்பளத்தில்தான் இறங்கும். சும்மா தண்ணீர் விட்டுத் தேய்த்தால் எண்ணெய் அழுக்கு போகாது. இன்னும் பரவும்.

அதற்கு எதைப் போட்டால் போகும் என்று பார்ப்பதே மதினிக்கு ஒரு வேலையாகிவிட்டது. மணிக்கூண்டுப் படிக்கட்டுக்கு அடியில் பாட்டில்களும் டப்பாக்களும் வைத்திருந்தாள். சோப்புத்தூள், சலவைச் சோடா, பாத்திரம் துலக்குகிற சோப்புத் தண்ணீர், வினிகர், உப்பு, மரச்சீனிக் கிழங்கு மாவு. கம்பம்மெட்டுக் கடையில் புதிதாக ஏதாவது வந்தால் மலையாளக் கடைக்காரச் சேட்டன் எடுத்து நீட்டுவார். "நல்லதாணு சேச்சி, எல்லா கறையும் போகும்" என்பார். மதினி வாங்கி மோந்து பார்ப்பாள். "எல்லாத்தையும் போக்குறது எனக்கு வேண்டாம், கார்பெட்டும் சேந்து போயிரும்" என்பாள். ஆனாலும் வாங்கிக்கொண்டு வருவாள்.

வாங்கியதை நேராகக் கறையில் ஊற்றமாட்டாள். கம்பளத்தின் ஒரு மூலை ஆர்மோனியத்துக்கு அடியில் போகும். அங்கே யார் காலும் படாது. முதலில் அங்கே கொஞ்சம் கால் எண்ணெயைத் தடவி, அதன்மேல் ஒரு சொட்டு விடுவாள். வெள்ளைத் துணியால் ஒற்றி, நிறம் ஒட்டுகிறதா என்று பார்ப்பாள். பிறகு அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவாள். "போயிருச்சே மதினி, சுத்தமாத்தானே இருக்கு" என்று நான் சொல்வேன்.

"ஈரத்துல எல்லாமே சுத்தமாத்தான் தெரியும் ஏட்டி. காயும்போதுதான் அடியில கெடக்கது மேல ஏறி வரும். காயட்டும்."

இந்தக் காயட்டும் என்கிற வார்த்தை அவள் வாயில் எப்போதும் இருக்கும். கம்பளத்துக்கு மட்டும் இல்லை, மனுஷர்களுக்கும் அதுதான். புதிதாக ஒரு போதகர் வந்து முதல் பிரசங்கம் செய்தபோது பாதிச் சபை அழுதது. வெளியே வந்ததும், "எப்படிம்மா இருந்தது?" என்று மதினியிடம் கேட்டார். "காயட்டும் ஐயா" என்றாள். எங்களுக்கெல்லாம் உயிரே போய்விட்டது. அவர் நல்ல மனுஷர். சிரித்துவிட்டார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் நின்று, "இந்த வாரம் காஞ்சிருச்சாம்மா?" என்று கேட்பார். "இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கு ஐயா" என்பாள் மதினி.

சிரிக்க முடியாத நேரத்திலும் அதையே சொல்வாள். என் வீட்டுக்காரர் இறந்தபோது அவருடைய தம்பிமார் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அண்ணன் பிள்ளை எங்கள் பிள்ளை, நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். எனக்கு அது பெரிய ஆறுதல். மதினி என் காதோடு வந்து "காயட்டும்" என்றாள். எனக்கு அவள்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அடக்கம் நடக்கிற இடத்தில் பேசுகிற பேச்சா இது என்று நினைத்தேன். அந்த மழைக்காலம் முழுதும் தம்பிமார் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மதினிதான் கப்பைக் கிழங்கும் கருவாடும் கட்டிக்கொண்டு வந்து என் அடுப்படியில் வைத்தாள். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிழங்கு வெந்ததா என்று மட்டும் குத்திப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவளுக்கு ஒரே மகன், தாசன். ஜீப் ஓட்டினான். கம்பத்திலிருந்து விடியற்காலையில் தோட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு வருவது, சாயங்காலம் கொண்டுபோய் விடுவது. கம்பத்தில் ஆட்களை இறக்கிவிட்டதும் அங்கேயே குடிக்கப் பழகினான். ஜீப்பை விட்டுவிட்டு வந்த நாள் உண்டு. மலையிறக்கத்தில் ஜீப்பைப் பாறையில் சாத்திவிட்டு அதற்குள்ளேயே தூங்கிய நாளும் உண்டு. மதினி அவனைக் கம்பத்துக்குப் போகவிடாமல் நிறுத்தி, மலைமேலேயே ஓட்டச் சொன்னாள். தினம் சாயங்காலம் வீட்டு வாசலில் அவனை நிறுத்தி, "ஊது" என்பாள். முகத்தை அவன் வாய்க்கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்த பிறகுதான் சோறு.

அப்புறம் மனந்திரும்பச் சொல்லும் எழுப்புதல் கூட்டம் ஒன்று கோயிலில் நடந்தது. அதில் தாசன் எல்லார் முன்னாலும் முழங்காலில் நின்று, இனி தொடமாட்டேன் என்று அழுதான். அவன் கண்ணீர் அந்தப் பச்சைக் கம்பளத்தில் விழுந்தது. சபையே அல்லேலூயா என்றது. பெண்கள் மதினியைக் கட்டிப்பிடித்தார்கள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் அவள் வாயில் வந்தது அந்த ஒரே வார்த்தை. தாசன் அதைக் கேட்டுவிட்டான். அவன் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன்.

அவன் நிஜமாகவே விட்டிருந்தான். ஒரு கிறிஸ்துமஸ் போய், ஈஸ்டரும் போனது. மதினி வாசலில் நிறுத்தி ஊதச் சொல்வதை மட்டும் விடவில்லை. அவன் வரும்போதே வாயைத் திறந்துகொண்டு வருவான், பல் வைத்தியரிடம் வருகிற மாதிரி.

இந்தச் சமயத்தில்தான் என் மகள் கிரேஸ் என்னிடம், "தாசன் அத்தானைத்தான் கட்டுவேன்" என்றாள். முறைதான், தப்பில்லை. எனக்கும் அவனைப் பிடிக்கும். ஆனால் தகப்பன் இல்லாத பிள்ளையைக் குடிகாரனிடம் கொடுத்துவிட்டு நான் எங்கே போய் அழுவேன்? அவன் திருந்திவிட்டான் என்று ஊரே சொல்கிறது. பெற்ற தாய் சொல்லவில்லையே. அவளிடம் வாய்விட்டுக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்கவேண்டும் என்று போவேன், உப்பு வாங்கிக்கொண்டு திரும்பி வருவேன். "உங்க வீட்டுல உப்பு இப்படிச் செலவாகுதே, கருவாடு போடுதியா?" என்று மதினி கேலி செய்தாள்.

எங்கள் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை ஆடி மழையில்தான் வரும். பண்டிகை முடிந்தால் அசனம். ஊரிலிருந்து எங்கள் ஆட்கள் மலைக்குக் கொண்டுவந்த வழக்கம் அது. சபை முழுதும் ஒரே பந்தியாக உட்கார்ந்து சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிடுவோம். அந்த வருஷம் வெளியே போட்ட பந்தலை மழை பிய்த்தெறிந்தது. அதனால் கோயிலுக்குள்ளேயே பரிமாறுவோம் என்று கமிட்டியார் சொன்னார்கள். கம்பளத்தைச் சுருட்டிவிடலாம் என்று மதினி கேட்டாள். வயசாளிகளுக்குத் தரை குளிருமே, இருக்கட்டும் என்றார்கள்.

தாசன் குழம்பு வாளியோடு வந்தான். எல்லார் காலும் ஈரம், தரையும் ஈரம். பீடத்துப் படிக்குப் பக்கத்தில் வழுக்கி அப்படியே மல்லாந்தான். வாளி கவிழ்ந்தது. எண்ணெய் மிதக்கிற மஞ்சள் குழம்பு அவ்வளவும் இளம்பச்சைக் கம்பளத்தில்.

கமிட்டியில் ஒருவர், "பழைய ஆளு வந்துட்டாம்ல" என்றார். இன்னொருவர், "ஏல, ஊது பாப்போம்" என்றார்.

தாசன் எழுந்து தன் அம்மாவைப் பார்த்தான். நான் பார்த்தேன், கிரேஸ் பார்த்தாள், எல்லாரும் மதினியைப் பார்த்தோம். அவன் குடிக்கவில்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"மாவைக் கொண்டாங்க, ஊறிரும்" என்றாள் மதினி.

கறித்துண்டுகளைக் கையால் அள்ளி இலையில் போட்டாள். தேய்க்காமல் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். மரச்சீனி மாவை அதன்மேல் மலைபோல் கொட்டினாள். எண்ணெயை மாவு குடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். தாசன் மழையில் இறங்கி நடந்தான். கிரேஸ் அழுதுகொண்டே, "ஈரத்துலதாம்மா வழுக்குனாரு, என் கண்ணால பாத்தேன்" என்றாள்.

மறுநாள் கம்பளத்தைப் பின்னால் உள்ள கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். வேலைக்கு என்னையும் கூப்பிட்டாள் மதினி. பிள்ளைகளைச் சபையில் முழு அங்கமாகச் சேர்க்கிற திடப்படுத்தல் ஆராதனைக்குப் பேராயரும் பெரியவர்களும் வர இருந்தார்கள். அதற்குள் சுத்தமாக வேண்டும். மாவைத் தட்டினால் கட்டி கட்டியாக மஞ்சள் எண்ணெயோடு உதிர்ந்தது. பாதி எண்ணெய் போய்விட்டது. ஆனால் நாள்பட்ட புகையிலை எண்ணெயும் இந்தக் குழம்பு எண்ணெயும் சேர்ந்து அந்த இடம் தோல்மாதிரி விறைத்து நின்றது.

சொந்தக்காரப் பையன் ஒருவன் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தான். பண்டிகைக்கு வந்தவன் ஒரு கேனைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். பெரிய இயந்திரங்களில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கிற திரவமாம். மதினி அதை அந்த ஆர்மோனியத்து மூலையில் விட்டாள். நிறம் போகவில்லை. ஆனால் காய்ந்த பிறகு புரட்டிப் பார்த்தால், அடியில் நூலைப் பிடித்திருந்த பசை இளகிப் பிசின்மாதிரி ஒட்டியது. "இது இரும்பைத் துடைக்கட்டும்" என்று மூடி வைத்தாள். மண்ணெண்ணெய் போட்டுப் பார்ப்போமா என்றேன். "அப்புறம் கோயிலுக்குள்ள மெழுகுவத்தி யாரு ஏத்துவா, நீயா?" என்றாள். சோப்புத்தூளும் சலவைச் சோடாவும் கலந்த வெந்நீரை அடுத்து விட்டாள். காய்ந்தது. மூலையில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கு சுத்தமாகப் போயிருந்தது. நிறம் அப்படியே நின்றது. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"இதுதான். இதையே போடுவோம்."

வாளி நிறையக் கலக்கி ஊற்றினோம். நுரை எழும்பியது. மதினி பிரஷ்ஷால் ஒரு இழுப்பு இழுத்தாள். மஞ்சளாக இருந்த இடமெல்லாம் எங்கள் கண் முன்னால் சிவந்தது. லேசான சிவப்பு இல்லை, ஆடு அறுத்த இடம்போல இருந்தது.

மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? சோடாவும் அந்த ஜாதிதானே. கல்யாணத்துக்குக் கல்யாணம் இந்து வீடுகளில் ஆரத்திக்கு ஆலம் கரைப்பதைப் பார்த்தவர்கள்தானே நாங்கள். குழம்பில் மஞ்சள் இருக்கிறது என்பதுதான் எங்களுக்கு ஞாபகம் வரவில்லை. ஆர்மோனியத்து மூலையில் எண்ணெய் இருந்தது, மஞ்சள் இல்லை. அங்கே பார்த்த சோதனை இங்கே எப்படிச் செல்லும்?

மதினி பிரஷ்ஷைக் கீழே போட்டாள். அவள் தப்பு செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கொட்டகை வாசலில் தாசன் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியாது.

"மூலையில பாத்தியாம்மா?" என்றான்.

"பாத்தேன்."

"காஞ்சப்புறமா பாத்த?"

"காஞ்சப்புறந்தான் பாத்தேன்."

"என்னையும் நீ மூலையிலதாம்மா வச்சிருக்க." அவன் குரல் உயரவில்லை. "கம்பத்துக்குப் போகாத, பஸ் ஸ்டாண்டு பக்கம் போகாத, வாயை ஊது. யாரும் மிதிக்காத எடத்துல வச்சுக்கிட்டு, கறை இருக்கா கறை இருக்கான்னு பாக்க. நான் விட்டுட்டனா இல்லையான்னு எனக்கே எப்படித் தெரியும்?"

நுரை அடங்குகிற சத்தம் கேட்டது. "வினிகரை எடு ஏட்டி" என்றாள் மதினி என்னிடம். நல்ல தண்ணீர் விட்டு அலசிவிட்டு, வினிகர் கலந்த தண்ணீரை ஊற்றினோம். சிவப்பு மெல்ல மெல்ல மறைந்து பழைய மஞ்சளே திரும்பி வந்தது. பாத்திரம் துலக்குகிற சோப்புத் தண்ணீரில் மிச்ச எண்ணெயையும் எடுத்தோம். எண்ணெய் போய்விட்டது. மஞ்சள் மட்டும் போகவில்லை.

இனி அதற்கு வெயில்தான் மருந்து. சேலையில் பட்ட மஞ்சள் வெயிலில் கிடந்தால் வெளுத்துப்போகும் இல்லையா, அதுதான். ஆனால் ஆடி மாதம் எங்கள் மலையில் வெயிலுக்கு எங்கே போவது? பகலிலேயே மூடுபனி. மதினி ஈரக் கையோடு கொட்டகையை விட்டு வெளியே வந்தாள். நானும் பின்னால் போனேன். மெட்டு விளிம்பில் நின்றால் கீழே கம்பம் தெரியும். எங்கள் தலையில் தூறல். கீழே திராட்சைத் தோட்டங்கள் மேல் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் மழை ஒருநாளும் அந்த மலையைத் தாண்டி இறங்காது.

நின்று பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு திரும்பி நடந்து, "தாசா, ஜீப்பை எடு. கம்பத்துல வெயில் அடிக்கு" என்றாள்.

கமிட்டிக்காரர் ஒருவர் ஓடி வந்தார். "யக்கா, இவனையா அனுப்புதீய? கம்பத்துக்கா? கார்பெட்டையும் வித்துக் குடிச்சிருவான். நான் வேற ஆளை அனுப்புதேன்."

"அவந்தான் கொண்டு போவான்."

"துணைக்கு யாராச்சும்?"

"வேண்டாம்."

கம்பளத்தைச் சுருட்டி ஜீப்பில் ஏற்றினோம். ஈரம் ஊறி யானைக்குட்டி கனம் கனத்தது. "கீழ பாறையில விரி. மஞ்ச போறவரைக்கும் கெடக்கட்டும். ராத்திரி சுருட்டி வச்சுட்டுக் காலையில மறுபடி விரி" என்றாள் மதினி. அங்கே போகாத, இங்கே போகாத என்று இந்தத் தடவை சொல்லவில்லை. ஜீப் வளைவில் மறைந்ததும்தான் பார்த்தேன், முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவன் அன்று வரவில்லை. மறுநாளும் பகலில் வரவில்லை. கிரேஸ் சாப்பிடவில்லை. வந்தவர் போனவரெல்லாம், "ஜீப்பு வந்துட்டா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். மதினி கோயில் தரையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள். அன்று உப்பு கேட்கிற சாக்கு எனக்கு வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் போய் நின்று ஒருவழியாகக் கேட்டுவிட்டேன்.

"மதினி, கிரேசைக் குடுக்கலாமா?"

அவள் துணியைப் பிழிந்தாள். "அதுக்குத்தான் உப்பு வாங்க வந்தியா இத்தனை நாளும்?" என்றாள். சிரிக்கவில்லை. "எனக்குத் தெரியல ஏட்டி. பெத்தவ, எனக்கே தெரியல. அவன்ட்டக் கேளு."

சாயங்காலம் ஆட்களை ஏற்ற வேண்டிய நேரத்தில் ஜீப் வந்து நின்றது. தாசன் இறங்கினான். கண் சிவந்திருந்தது. வெயிலாலா தூக்கம் இல்லாததாலா, தெரியாது. பழக்கதோஷத்தில் அம்மா முன்னால் வந்து குனிந்து வாயைத் திறந்துகொண்டு நின்றான். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

மதினி அவன் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டாள். "வெளிச்சத்தை மறைக்காத" என்றாள். நேராக ஜீப்புக்குப் போய், சுருட்டிய கம்பளத்தில் முகத்தைப் புதைத்து மோந்து பார்த்தாள். கறிவாடை இருக்கிறதா என்று. அவ்வளவு நேரம் யாராவது ஒரு கம்பளத்தை மோந்து நான் பார்த்ததில்லை. அவள் முதுகு குலுங்கியது. அதற்குப் பிறகு அவன் வாயை அவள் மோந்ததே இல்லை.

தாசன் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். ஆண்பிள்ளைகள் முகத்தைப் பார்த்துப் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. அன்று பேசினேன். "ஏன் ஐயா இவ்வளவு நேரம்?" என்றேன். நான் கேட்க நினைத்தது வேறு. அது அவனுக்கும் புரிந்தது.

"கடை வாசல்ல போய் நின்னேன் அத்தை" என்றான், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "பொய் சொல்லல. காசையும் கையில எடுத்துட்டேன். அந்நேரம் பாத்து ஒரு ஆட்டுக்கூட்டம் பாறைப் பக்கமாப் போகுது. கார்பெட்டை மிதிச்சு நாசம் பண்ணிருமேன்னு ஓடிட்டேன். அப்புறம் அதை விட்டுட்டு நகர முடியல. ஆடு வருது, நாய் வருது, ஒரு கெழவி வந்து வெத்தலை எச்சியத் துப்பப் பாக்கா. ராத்திரி அது மேலயே படுத்துக்கிட்டேன்."

குடிக்கவே ஆசை வரவில்லை என்று அவன் சொல்லியிருந்தால் நான் யோசித்திருப்பேன். கடை வாசல் வரை போனதைச் சொன்னானே, அதனால்தான் என் மனசு தெளிந்தது. அன்றைக்கே மதினியிடம் சம்மதம் சொன்னேன்.

கல்யாணம் அந்தக் கம்பளத்தின் மேல்தான் நடந்தது. விருந்து முடிந்து போதகர் கையைக் கழுவிவிட்டு வந்து, "இப்பவாவது காஞ்சிருச்சாம்மா?" என்று கேட்டார்.

"கார்பெட்டைக் கேக்கீயளா ஐயா?" என்றாள் மதினி.

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் மகனைப் பற்றிக் காஞ்சிருச்சு என்று அவள் கடைசி வரை சொல்லவில்லை. சாகிற வரைக்கும் சொல்லவில்லை. இப்போது அவர் எனக்கு மருமகன். அவர் அதற்குப் பிறகு தொடவே இல்லை என்று எழுத எனக்கு ஆசைதான். மதினியை அடக்கம் செய்த வாரத்தில் ஒரு தடவை கம்பம் போய்க் குடித்தார். மறுநாள் தானாகவே வந்து என்னிடமும் கிரேசிடமும் சொன்னார். அதற்குப் பிறகு இல்லை. இதையெல்லாம் எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுங்க அத்தை, அதையும் சேத்து எழுதுங்க" என்றார்.

எழுதியதில் தப்பிருந்தால் போதகரம்மா திருத்திக்கொள்ளுங்கள். வினிகர் முதலிலா, பாத்திரச் சோப்பு முதலிலா என்று எனக்கு இப்போது குழப்பமாக இருக்கிறது. கிரேசுக்கு மதினி சொல்லிக்கொடுத்திருக்கிறாள், அவளிடம் கேளுங்கள். ஆனால் இன்னொன்றில் எங்கள் இருவருக்கும் ஒத்துவரவில்லை. பீடத்துப் படிக்குப் பக்கத்தில், கம்பளத்தின் ஓரத்தில் கையகலம் மஞ்சள் இன்னும் இருக்கிறது என்பேன் நான். அதெல்லாம் அன்றைக்கே வெளுத்துவிட்டது, உங்கள் கண்தான் மங்கல் என்கிறாள் அவள். மதினிக்குத் தெரிந்திருக்கும். ஒருநாள் அந்த இடத்தைக் காலால் தடவிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மணி அடிக்கப் போனது எனக்கு நினைவிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள் யாராவது அந்த இடத்தைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். காலையில் ஈரத்துணியால் துடைத்திருப்பார்கள், அப்போது பார்க்க வேண்டாம். ஆராதனை முடிந்து, காய்ந்த பிறகு பாருங்கள்.